இடக்கையில் ஒரு விசிறி

அன்புள்ள அண்ணா,

நீ புதிதாக இயக்கிய இசை நாடகத்தை நேற்று தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்து வீட்டு மிசஸ் பாட்டிஞ்சரும் வந்திருந்தார்.

"உங்கண்ணன் பலே ஆளு டீச்சர்! பொண்ணுங்க இஷ்டத்துக்கு விசிறிய விரிக்குதுங்க. ஒருத்தி காலாலயே விரிச்சுட்டாளே!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

நம் பழைய நாடகக் கம்பெனியில் இதே நாடகத்தின் ஒத்திகையில், இடக்கைப் பழக்கமுள்ள நான் விசிறியை இடக்கையால் விரித்தபோது நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "கம்பெனிய ஆரம்பிச்ச பெரியவர் காலத்துலேர்ந்து வலக்கையாலதான் விரிக்கிறாங்க. என் தங்கச்சிங்கறதுக்காக மாத்த முடியுமா? வரலன்னா கிளம்பு."

கிளம்பினேன். ஆசிரியை ஆனேன். என் வகுப்பில் இடக்கையால் எழுதும் பிள்ளையின் கையை ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை. நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைப்பேன், அவ்வளவுதான். எழுத்து தானாக அழகாக வரும்.

ஆனாலும் இத்தனை வருடமும் உன் பக்கமே பேசினேன். மரபைக் காப்பாற்றத்தான் என்னை அனுப்பினாய் என்று நம்பினேன். போன வருடம் லண்டனில் கம்பெனியின் கடைசித் திரை இறங்கியபோதுகூட உனக்காகத்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வா. ஆட்டிறைச்சி வறுத்து வைக்கிறேன். சாப்பிட்டதும் என் பழைய விசிறியை இடக்கையால் விரித்துக் காட்டுவேன்.

சபாஷ் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கை