எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

சங்கக் கூட்டத்துக்காகச் சாமியானாக் கடை வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு எங்காவது ஓடி ஒளியத் தோன்றுகிறது. நேற்றும் அப்படித்தான். நீயோ அந்தச் சத்தம் கேட்டதும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்புவாய். தலைவியாக இருந்த நீ கண்ணை மூடிய பிறகு, துணைத்தலைவி என்று பேருக்கு இருந்த என்னை நம் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாவி, இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டாயே!

கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள இரண்டு பேரும் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி டவுனுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போனோமே. முன்மொழிவது, வழிமொழிவது, விவாதம், வாக்கெடுப்பு. திரும்பி வந்ததும் என் அடுக்களையிலேயே ஒத்திகை. "இன்னிக்கு சுறாப்புட்டுன்னு முன்மொழியறேன். வழிமொழிடி!" என்பாய். நான் சிரித்தால் விடமாட்டாய். "எதிர்க்கறவங்க யாருன்னு கேளு. கேக்காம முடிச்சா அது தீர்மானமே இல்ல." ஆளில்லாத அடுக்களையில் அதைக் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நேற்று வந்த தீர்மானம், நகர் வாசலில் சங்கத்து இடத்தில் ஆப்பக்கடை போட்டிருக்கும் அக்காவைக் காலி செய்யச் சொல்வது. கார் திரும்ப இடமில்லையாம். மூலை வீட்டுக்காரர்தான் முன்மொழிந்தார். அவர் குரல் உனக்குத் தெரியுமே. அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஆதரிப்பவர்கள் என்றேன். முன்வரிசை பூராவும் கை எழுந்தது.

"அவ்ளோதாம்மா, எல்லாரும் தூக்கிட்டாங்க. பாஸுன்னு எழுதிட்டு எழுந்திருங்க" என்று மூலை வீட்டுக்காரர் என் மேசையைத் தட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அவரைப் பகைத்துக்கொண்டு இந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது?

"எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்" என்றேன். மைக்கில் என் குரல் யாரோ அழுகிற மாதிரி வந்தது. ஒரு கைகூட எழவில்லை. அவர் சிரித்தார்.

இந்த இடத்தில் நீ எப்போதும் தண்ணீர் குடிப்பாய், அவ்வளவு மெதுவாக. "அப்படி என்னாடி தாகம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "பயந்தவங்க கை மெதுவாத்தாண்டி எழும்பும். நாம அவசரப்பட்டு முடிவு சொல்லிடக் கூடாது" என்றாய்.

பாட்டிலைத் திறந்து குடித்தேன். பாதி புடவையில் கொட்டியது. எதிர் வீட்டு டீச்சர் முதலில் தூக்கினார். தோளுக்கு மேல் போகாத கை. அப்புறம் பின்வரிசைகளில் ஒவ்வொன்றாக. எண்ணினேன். மூலை வீட்டுக்காரர் மறுபடி எண்ணச் சொன்னார், மறுபடி எண்ணினேன். எதிர்த்த கைகள்தான் அதிகம், தீர்மானம் தோற்றுப்போனது.

"அடுத்த மாசமும் இதையே கொண்டாருவேன். பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் ஆப்பம் வாங்கப் போனேன். அக்கா தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றினார். நான் மூலை வீட்டுக்காரருடைய கார் வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லையடி. உன் தைரியமும் எனக்கு வரவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த நிதானம் மட்டும்தான் உன்னிடமிருந்து வந்திருக்கிறது. அடுத்த மாதமும் கேட்பேன். கை எழும்வரை காத்திருப்பேன், நடுங்கிக்கொண்டே.