இரண்டாவது முறை சொன்னது

என் அன்பு மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் பாப்பாவும் என் அக்காவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆனால் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்பதை உன் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. போனில் பாப்பாவைக் காட்டுகிறேன் என்றால் உடனே வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சபையில் பாப்பாவை ஆண்டவருக்கென்று பிரதிஷ்டை செய்தோம். "என் பேர்ல எந்த வாக்கும் குடுத்துடாதீங்க. பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு காய்ச்சலோட வார்டுக்குப் போய் நின்னவ நான். அந்த மேடையில நிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல" என்று நீ வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவு இருந்து என்ன செய்ய, வாய் கேட்க வேண்டுமே.

பஸ் நிலையத்தில் பதினொரு வருடமாக அறிவிப்புச் சொல்கிறவன். எதையும் இரண்டு முறை சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். நம் கல்யாணத்தில் "சம்மதம், சம்மதம்" என்று சொல்லிவிட்டு முழித்தேனே, நீகூட முக்காட்டுக்குள் சிரித்தாயே, அதே கதைதான். பாப்பா என் இடுப்பில் இருந்தாள். "இந்தப் பிள்ளை ஆண்டவர் உங்ககிட்ட நம்பிக் குடுத்தது. அவருக்காக வளர்ப்பேன்னு வாக்குக் குடுக்கறீங்களா?" என்று பாஸ்டர் கேட்டு, மைக்கை நீட்டினார். வாக்குக் கொடுக்கிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிவிப்பு அறையில் விடுகிற அதே இடைவெளி விட்டு, இன்னொரு முறை வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் சைக்கிள் கடைக்காரம்மா, "அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிட்டாரு பாரு" என்று விசும்ப ஆரம்பித்தார். சபை மொத்தமும் ஆமென் சொல்லிவிட்டது. அத்தனை கண்ணீருக்கு நடுவில் நான் போய், "ஐயா, அது பழக்கதோஷம்" என்று எப்படிச் சொல்ல?

எல்லோரும் போன பிறகு பாஸ்டரிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நீ ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அதற்கும் என்னை மன்னித்துவிடு. ரிஜிஸ்டரில் பென்சிலால் எழுதி, பிறகு மேலே மையால் எழுதுவது அவர் வழக்கம். என் பெயருக்கு மட்டும் மை போட்டார். உன் பெயரைப் பென்சிலிலேயே விட்டுவிட்டு, "அழிக்கிறதா, மை போடறதான்னு அவங்களே வந்து சொல்லட்டும்" என்றார்.

தகுதி இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில அவங்க கையெழுத்துப் போட்டிருக்கிறது ஒப்பந்தம். ஒருத்தர் தவறினா இன்னொருத்தர் கையை உதறிடலாம். உடன்படிக்கை அப்படி இல்லப்பா. நம்ம கை நழுவினாலும் அவர் பிடிச்சிருக்கிறது விடாது. தகுதி பார்த்து எழுதறதா இருந்தா இந்த ரிஜிஸ்டர்ல என் பேரே இருக்காது" என்றார். எனக்கு எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரிகிற அளவுக்கு வேத விஷயம் தெரியாது. ஆனாலும் இது புரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்குக் காது கேட்க வைத்தால் அவளைத் தருகிறேன் என்று பேரம் பேச நான் அந்த மேடைக்குப் போகவில்லை. கேட்டால் ஆனந்தக் கூத்தாடுவேன், அது வேறு. இவள் இப்படியே உம்முடையவள், எங்களை நம்பிக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லத்தான் போனேன்.

அந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நீயேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை என்று எழுதலாம், ஆனால் அது பொய். ஒரு நாள் வந்தது. பரிசோதனை முடிவு வந்த அன்று, ஊரே என் குரலைக் கேட்டு பஸ் ஏறுகிறது, என் மகளுக்கு மட்டும் கேட்கவில்லையே என்று மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். அந்த நாலு மணி பஸ்ஸைப் பாதிப் பேர் தவறவிட்டார்கள். அன்றோடு அந்தக் கோபம் போய்விட்டது. நீ மட்டும் இன்னும் அதை விடாமல் சுமந்துகொண்டிருக்கிறாய்.

பாப்பாவுக்கு ஆறு பல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க அதிகாரியைப் போலச் சுற்றுகிறாள். மத்தியானத்தில் அக்கா சாப்பாடு கொண்டுவரும்போது அவளையும் தூக்கி வருகிறாள். என் மடியில் உட்கார்ந்து, நான் மைக்கில் பேசும்போது உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொள்கிறாள். அதிர்வு தெரிந்தால் ஒரே சிரிப்பு. முதல் முறை சொல்லி முடித்ததும் கையை எடுக்க மாட்டாள். இன்னொரு முறை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையிலும் அவள் கை அங்கேதான் இருந்தது. நான் ஒரு முறை சொல்லி நிறுத்தினேன். கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். இரண்டாவது முறை அப்படித்தான் வந்தது. பழக்கம் பாதி என்றால், அவள் பார்த்த பார்வை பாதி.

விடுமுறை கிடைத்ததும் வந்துவிடம்மா. சபைக்கு அப்புறம் போகலாம், பென்சில் எழுத்து எங்கும் ஓடிவிடாது. முதலில் அவளை மடியில் வைத்துக்கொள். கை தானாக உன் தொண்டைக்கு வரும். என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதே. இன்னொரு முறைக்காக அவள் காத்திருப்பாள்.

ஆண்டவர் உன் கையை விடாமல் பிடித்திருப்பாராக.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்