எழுபது வளைவும் ஒரு சாவிக் கொத்தும்

11.2.2008, திங்கள்

சேலத்தில் வாங்கிவந்த மடக்குச் சாவி இன்று என் வாடகைக் காரில் குடியேறியது. பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று சாவி வெளியே பாய்கிறது. மடக்கினால் உள்ளங்கையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பதினாறு வயதுக் கிழட்டுக் காரில் புதிதாக இருப்பது இது ஒன்றுதான். ஓட்டுகிறவனுக்கு நாற்பத்தெட்டு.

மலைமேல் சோளக்காட்டு ஸ்டாண்டில் காலையிலிருந்து டக், டக். எதிரே தையல் கடை நாகலட்சுமி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதானே அழுத்தினேன்!

“அண்ணா, என்னங்கண்ணா அது, சோப்பு டப்பாவா?”

சோப்பு டப்பா என்றதுகூட வலிக்கவில்லை. ஒரு வரியில் இரண்டு அண்ணா!

14.2.2008

சாவி வளையத்தில் இன்று இருப்பவை: கார் சாவி, வீட்டு முன்கதவு, பின்கதவு, பீரோ, மிளகு மூட்டை அறை, மோட்டார் ரூம், எதற்கென்றே தெரியாத இரண்டு, அழகுக்கு ஒரு பித்தளை மணி. என் மனைவி கோகிலா இருந்தவரை வீட்டுச் சாவியெல்லாம் அவள் இடுப்பில் இருந்தது. அவள் செத்துப்போய் ஒன்பது வருஷம். என் இடுப்பில் எது நிற்கிறது? வேட்டியே நிற்பதில்லை.

20.2.2008

சாவி திரும்ப மாட்டேன் என்கிறது. அடிவாரத்துக்குப் போய்க் காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் குப்புசாமியிடம் காட்டினேன். கொத்தைக் கையில் தூக்கி எடைபார்த்தார்.

“ஏனுங்க, இது சாவிங்களா, மாட்டுக் கழுத்து மணிங்களா? எழுவது கொண்டை ஊசி வளைவுலயும் இது இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடுதுல்ல? லாக்குக்குள்ள பூராத் தேஞ்சு போச்சு. கார் சாவி ஒண்ணுதான் தொங்கோணும். மத்ததை ஊட்டுல குடுத்து வெய்யுங்க.”

ஊட்டுல. யாரிடம்? பூனையிடமா?

சரி சரி என்று தலையாட்டிவிட்டு அதே கொத்தோடு மலையேறினேன்.

23.2.2008

அதிசயம்! என்ஜின் ஓடும்போதே சாவியை உருவ முடிகிறது. வண்டி பாட்டுக்கு உறுமுகிறது, சாவி என் கையில். ஸ்டாண்டில் மூன்று முறை செய்துகாட்டினேன். பலாப்பழக் கடை ராமாயி, “சாமி, பேய் ஓட்டுதா?” என்று ஓரடி பின்னால் போனார். தேய்மானத்தையே வித்தையாக்கிவிட்டேன் பார்!

28.2.2008

சிரிப்பெல்லாம் இன்றோடு சரி.

நாகலட்சுமியின் தம்பி சின்னராசு வந்து ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி கேட்டான். அடிவாரத்தில் ஒரு அரிசி மில்காரர் அக்காவைப் பெண் பார்க்க வருகிறாராம். வேண்டாம் வேண்டாம் என்றே நாற்பதைத் தாண்டிய அக்கா, போய்த்தான் பார்ப்போமே என்று சொல்லிவிட்டாராம்.

நான் ஏன் சரி என்றேன்? வண்டி ரிப்பேர் என்று ஒரு பொய் வரக்கூடாதா? பொய்கூட இல்லையே அது!

2.3.2008, ஞாயிறு

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

முன்சீட்டில் சின்னராசு, பின்சீட்டில் பச்சைப் பட்டுப்புடவையில் நாகலட்சுமி. வளைவுக்கு வளைவு நான் கண்ணாடியில் பச்சையைப் பார்க்க, சின்னராசு முகமும் பச்சையாகிக்கொண்டே வந்தது. நாற்பத்து மூன்றாம் வளைவில், “நிறுத்துங்க!” என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

கிடைத்த ஐந்து நிமிடத்தில் மனதில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? என்ஜின் ஓட ஓடச் சாவியை உருவி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, டக், டக்.

ஒரு குரங்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஆமாம், வாங்கிக்கொண்டு. அவ்வளவு மரியாதையாக. மரத்தில் ஏறி உட்கார்ந்து மணியை ஆட்டிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது. விரல் பொத்தானில் பட்டது போல — டக்! பயந்து ‘கீச்’சென்று கத்தி, கொத்தை அப்படியே பள்ளத்தில் எறிந்தது. என் வீடு, பீரோ, மிளகு எல்லாம் மணியடித்துக்கொண்டே பாதாளத்துக்குப் போயின. அதே நேரம் என்ஜினும் இருமிவிட்டு நின்றது.

பின்னால் ஒரு சத்தம். அழுகிறாரோ என்று திரும்பினேன். நாகலட்சுமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர்.

“ஊட்டுச் சாவியுமா அதுல? ஏங்க, அதைக் குடுத்து வெக்க ஊட்டுல ஆருமில்லீங்களா?”

“இருந்தா குரங்குகிட்டக் குடுப்பனுங்களா?”

சிரிப்பு நின்றது. பர்ஸிலிருந்து தன் மொபெட் சாவியை எடுத்து நீட்டினார். “இதைப் போட்டுப் பாருங்க.”

கொஞ்சம் ஆட்டினேன். திரும்பியது! வண்டி கிளம்பியது! லாக் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. அவர் சாவியில் என் வண்டி ஓட, அவரையே இன்னொருவருக்குக் காட்டக் கூட்டிப்போனேன்.

திரும்பும்போது நாகலட்சுமிதான் சொன்னார்: “ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. கொரங்குக் கதையைப் பூராச் சொன்னேனுங்க. அந்த மனுசன் சிரிக்கவே இல்லை. மணி என்னாச்சுன்னாரு. எனக்குச் சரிவராதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

இன்றைக்கு ஒரு அண்ணாகூட இல்லை. கவனித்தேன்.

வீட்டுப் பூட்டைக் கல்லால் உடைத்தபோதும் சிரித்துக்கொண்டே உடைத்தேன்.

12.3.2008

குப்புசாமியே மலையேறி வந்து புது லாக் மாட்டினார். ஒல்லியான சாவி. “இதுல வேற எதையாச்சும் தொங்க உட்டீங்க, நான் வரமாட்டேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அப்படியானால் வீட்டுக்கு மாட்டிய புதுப் பூட்டின் சாவி? சத்தியத்தைக் காரணம் காட்டித் தையல் கடையில் கொடுத்தேன். “சாயங்காலம் வாங்கிக்கறேனுங்க.” கத்தரிக்கோல் தொங்கும் ஆணியில் மாட்டினார். சாவி கொடுக்கும் சாக்குக்காகவே இனி அடிவாரத்துக்கு எத்தனை முறை போவேன் என்று காருக்குத்தான் தெரியும்.

9.4.2008

விபரீதம்.

சாயங்காலம் சாவி வாங்கப் போனால் கொடுக்கவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே, நிமிராமல்:

“மத்தியானம் மழை வந்துச்சுங்களே. உங்க ஊட்டுக் கொடியில துணி காஞ்சுதே, எடுத்து உள்ள போடலாம்னு தெறந்தேன். மேசை மேல ஒரு நோட்டுக் கெடந்துச்சு.”

இந்த நோட்டு!

“பிப்ரவரி பதினொண்ணாந் தேதி நான் ரெண்டு அண்ணா சொன்னேன்னு எழுதியிருக்கறீங்க. தப்புங்க. நீங்க அந்தப்பக்கம் போனப்பறம் மூணாவதா இன்னொரு அண்ணாவும் சொன்னேன். திரும்பிப் பாக்கறீங்களான்னு பாத்தேன். பாக்கல.”

வேட்டியைக் கட்டிக்கொண்டேன், கட்டித்தான் இருந்தது. “இப்ப என்னங்க பண்றது?”

“என்னைக் கேட்டா? சின்னராசுகிட்ட வந்து பேசுங்க. பஸ்ஸுல வாங்க. உங்க கார்னாலே அவனுக்கு வவுறு கலக்குது.”

10.4.2008

பஸ்ஸில் போனேன்.

15.9.2008, திங்கள்

கடைசி சவாரி முடித்து வீட்டுக்கு வந்தேன். பையில் ஒற்றைச் சாவி, இருக்கிறதா என்று தொட்டுத்தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

உள்ளே கொத்துச் சாவி நடந்துவரும் சத்தம்.

“ஆருங்க அது?” தெரிந்துகொண்டே கேட்கிறாள் நாகலட்சுமி.

“டிரைவரண்ணா” என்றேன்.

கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.