ஜப்பான் பொம்மைப் படமும் சாமுவேலும்

1986 பிப்ரவரி 3, திங்கள்

காலையில நல்ல பனி. தெருவுல பட்டுத் தறிக்குப் பாவு விரிக்கிறவங்க எட்டு மணி வரைக்கும் வெயிலுக்காகக் காத்துகினு இருந்தாங்க. மூணாம் வகுப்பு நோட்டு எல்லாம் திருத்தணும். திருத்தல.

தெள்ளாரிலிருந்து லெட்டர். சாமுவேல் கையெழுத்து. எனக்கில்ல, அவன் அப்பாவுக்கு, என் மாமாவுக்கு. கட்டின என்னையும் பெத்த அப்பாவையும் ஒரே வீட்ல விட்டுட்டு, கூட வேல பார்த்த டீச்சரோட போனவன். மூணு வருஷத்துல இதான் முதல் லெட்டர். ஞாயிற்றுக்கிழமை அவங்க குழந்தைக்கு ஞானஸ்நானமாம். அப்பா பக்கத்துல நிக்கலன்னா சபையில மரியாதை இல்லையாம். சனிக்கிழமை வந்து கூட்டிகினு போறானாம்.

மாமா சத்தமா படிச்சார். மடிச்சு பைபிளுக்குள்ள வச்சார். போறீங்களான்னு நான் கேக்கல. சாம்பார்ல உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்.

5, புதன்

வாங்கணும்: மண்ணெண்ணெய், மாமா முட்டிக்குத் தைலம், சிவப்பு இங்க்.

சாயங்காலம் மறுபடியும் பொம்மைப் படம். எங்ககூட தங்கியிருக்கிற கமலாவோட அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்போ டிவி, வீடியோ டெக்கு கூட விட்டுட்டுப் போன கேசட். எல்லாம் ஜப்பான் பாஷை. ஒரு வார்த்தை புரியாது. நாலு தடவ பார்த்தாச்சு.

பாத்துப் புரிஞ்ச கதை இவ்ளோதான். குடும்பமா இருக்கிறவங்களுக்குத்தான் வீடு குடுப்பேன்னு ஒரு ஓனர். ஒட்டு உறவில்லாத நாலு பேர் குடும்பம்னு பொய் சொல்லி உள்ள வந்துடறாங்க. குடை ரிப்பேர்காரன் அப்பா. மல்யுத்தம் பண்ற பொம்பள அம்மா. பிக்பாக்கெட் கிழவர் தாத்தா. எந்நேரமும் தின்னுகினு இருக்கிற ஒரு பொண்ணு. ஓனர் கதவைத் தட்டினா நாலு பேரும் ஓடி ஓடிக் குடும்பமா நிக்கிறது இருக்கே, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்.

ஆனா அதுக்காக மட்டும் பாக்கல. ஓனர் போன அப்புறம், யாரும் பாக்காதப்போ, அந்த மல்யுத்தக்காரி கிழவருக்குப் போர்வை போத்தி விடுவா. அந்த இடம் வந்தா கமலா தண்ணி குடிக்க எழுந்து போயிடுவா. மாமா கண்ணாடியைத் துடைப்பார்.

எங்க வீடும் அதே கதைதான். பட்டு சொசைட்டியில டைப் அடிக்கிற கமலாவ என் தங்கச்சின்னு சொல்லித்தான் எங்க வீட்டு ஓனர்கிட்ட அனுமதி வாங்கினேன். அவ நெத்தியில குங்குமம், என் கழுத்துல சிலுவை. அவர் இன்னும் கேக்கல.

பாஷை தெரியாததால படத்துல வர்ற எல்லாருக்கும் நான்தான் குரல் குடுக்கிறேன். "படத்த விட உன் பேச்சு நல்லாகீது"ன்னார் மாமா.

6, வியாழன்

வகுப்புல வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துகினு இருந்தப்போ யோசனை வந்திச்சு. சனிக்கிழமை தெருவையே படம் பாக்கக் கூப்பிடறது. படத்துல ஓனர் வாயைத் திறக்கிற இடமெல்லாம் சாமுவேல் பேச்சு. பொட்டி தூக்கிகினு போன அன்னிக்கு அவன் பேசினது ஒண்ணு விடாம ஞாபகம் இருக்குது.

நான் சொல்றத முழுசா கேளு.
எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குது.
அப்பா உனக்குத் துணையா இருக்கட்டும். (துணையாம். பாரத்தைக் கழட்டி வச்சிட்டுப் போனவன்.)

கமலாகிட்ட சொன்னேன். வேணாங்கா, மாமா மனசு நோவும்னா. நோவட்டும், பெத்தவர்தானேன்னு சொல்லிட்டேன். சொன்னது தப்பு. இங்க எழுதினத அடிக்கல.

8, சனி

நாலு மணி பஸ்ல வந்தான். தொப்பை. புது வாட்ச். வாசல்ல நின்னு செருப்பை எங்க விடறதுன்னு கேக்கறான், இந்த வீட்ல ஒன்பது வருஷம் இருந்தவன். அவனுக்கு நாற்காலி போட்டேன். தரையில பாய் போட்டு தெருக்காரங்க இருபது பேருக்கு மேல.

படம் ஓடிச்சு. அன்னிக்கு அவன் பேசினதுல ஒரு வார்த்தை விடல. வாட்சைத் திருப்பிகினே பேசுறதையும் சேத்துகினேன். எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில வச்சிகினாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவனைத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

அவன் சிரிக்கிறான். எல்லாரையும் விட சத்தமா. கண்ணுல தண்ணி வர சிரிச்சான். முடிஞ்சதும் என்கிட்ட வந்து, "அந்த ஓனர் அப்படியே எங்க ஹெட்மாஸ்டர், எஸ்தர்"ன்னான்.

மாமா சிரிக்கல. பாதியில எழுந்து உள்ள போயிட்டார்.

அப்புறம் சாமுவேல் சமையல்கட்டுக்கு வந்து, நீ சொன்னா அப்பா கேப்பார்னு கெஞ்சினான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாமா உள்ளேர்ந்து, காலையில மொத பஸ்ஸுக்குப் போலாம்னு சொல்லிட்டார்.

ஜெயிச்சவன் மாதிரி கால் நீட்டிகினு காபி கேக்கறான்.

9, ஞாயிறு

மாமா சட்டைக்கு நான் இஸ்திரி போடல. கமலா போட்டா. போய்ட்டு வரேம்மான்னார். நான் பின்கட்டுக்குப் போயிட்டேன். ஆராதனைக்குக் கோயிலுக்கும் போகல. நோட்டு எல்லாத்தையும் திருத்தி முடிச்சேன். பாவம் பசங்க, நிறைய தப்பு போட்டுட்டேன்.

அஞ்சு மணிக்கு மாமா தனியா வந்தார். கால் கழுவிகினே சொன்னார். ஞானஸ்நானம் முடிஞ்சு குழந்தைய அவர் கையில குடுத்தாங்களாம். தாத்தா ரெண்டு வார்த்தை பேசட்டும்னு சபைப் போதகர் ஐயர் கூப்பிட்டாராம். சபை நிறைய ஆளாம். இவர் பேசினது:

"குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ஆனா என் மருமக பேரு எஸ்தர். ஆரணியில டீச்சரா கீது. இவன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எனக்குச் சோறு போடுறது அதான். இது சபைக்குத் தெரியணும்."

மூணு தடவ சொல்ல வச்சேன். சாமுவேல் மூஞ்சி எப்படி இருந்திச்சு, யார் யார் திரும்பிப் பாத்தாங்க, ஐயர் இன்னா சொன்னார், ஒண்ணொண்ணா கேட்டேன். பஸ் ஏத்தி விடக்கூட அவன் வரலியாம்.

அவ, அந்த டீச்சர், அழுதாளான்னு கேட்டேன்.

"அழுதுச்சும்மா. என் கையிலேர்ந்து குழந்தைய வாங்கக்கூடத் தோணாம நின்னுச்சு. நான்தான் அது கையில வச்சிட்டு வந்தேன்."

எனக்குச் சந்தோஷம். பின்னால மாத்திச் சொல்லக் கூடாதுன்னுதான் எழுதி வைக்கிறேன். சந்தோஷம்தான்.

கமலா தோசை ஊத்தினா. மாமா சாப்பிட்டு முடிச்சதும் இன்னொரு தடவ சொல்லுங்க மாமான்னேன்.

போதும்மான்னுட்டார்.