இளவரசனுக்குப் பெண் கொடுக்கலாமா?

அத்தை, நேற்று தேனியிலிருந்து சின்னமனூர் வரும் பஸ்ஸில் ஒரு பெண்ணின் வாயைப் பொத்திவிட்டேன். முன்பின் தெரியாத பெண். கல்லூரியில் படிக்கிறாள் போலிருக்கிறது. அவள் மடியில் நம் புத்தகத்தின் கடைசிப் பாகம், அதே நீல அட்டை. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "நீங்களும் படிச்சுட்டீகளாக்கா? கடைசில அந்த இளவரசன்..." என்று ஆரம்பித்தாள். என் கை தானாகப் போய்விட்டது.

"என்னம்மா பிரச்சன அங்கன?" என்றார் கண்டக்டர்.

"கதையோட முடிவச் சொல்லப் பாக்குறா" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீங்களாக இருந்தால் அவளை அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டிருப்பீர்கள்.

மாமியாரும் மருமகளும் சீரியல் பார்க்கிற வீடுகளுக்கு நடுவில், நாம் ஒரு இங்கிலீஷ் நாவலைப் பிடித்துக்கொண்டோம். சாயங்காலம் நீங்கள் கடைக்குப் போட வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். மழையே நின்றுபோன எதிர்கால நாடு. இருப்பது ஒரே அணை. அதன் சாவி அரண்மனையில். இளவரசனுக்குப் பெண் தேட, ஊருக்கு ஒருத்தியாகக் கூட்டிவந்து போட்டி வைக்கிறார்கள். அதில் ஒருத்தி குழாயடியில் குடம் தூக்கி வளர்ந்தவள்.

"அம்புட்டுப் பொண்ணுகளையும் ஒரே வீட்டுல வச்சா பொண்ணு பாப்பாக? பஜ்ஜி சுட்டு மாளுமா?" என்று முதல் நாளே கேட்டீர்கள். இரண்டாம் நாள் அவள் 'நம்ம புள்ள' ஆகிவிட்டாள்.

எனக்கு இளவரசன் மேல் பைத்தியம். அவன் ரகசியமாகத் தோட்டத்துக்கு வந்து அவள் கையைப் பிடிக்கும் இடத்தை நான் இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் மசியவே இல்லை.

"தண்ணிய அடச்சு வச்சிருக்க வீட்டுல வாக்கப்பட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்கு வருவா?"

"அவன் நல்லவன் அத்தை. எல்லாம் அவுக அப்பா செய்யுற வேல."

"அப்பன் சொன்னதுக்கெல்லாம் தலயாட்டுறவன் நல்லவனா? எம் மகனையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவளுக்கு விஷம் வைத்த அத்தியாயத்தன்று நீங்கள் கட்டிய கவுளி ஒன்றில்கூட எண்ணிக்கை சரியில்லை. மறுநாள் கடைக்காரர் போன் போட்டு, "என்னக்கா, ஒண்ணுல கூடுது, ஒண்ணுல கொறையுது?" என்று கேட்டார். "எங்க புள்ள பொழச்சதே பெரிசு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பாவம், அந்த மனிதர் சாயங்காலம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார்.

இரண்டாம் பாகம், இளவரசன் சாவியோடு மதகின் முன்னால் நிற்பதோடு முடிந்தது. நம்ம புள்ள அவனைக் கட்டுவாளா, மாட்டாளா? கட்டுவாள் என்று நான். கட்டக்கூடாது என்று நீங்கள். கடைசிப் பாகத்தை வாங்கி வந்த அன்று, "நான் இல்லாம ஒரு பக்கம் தாண்டுன, ஒங்கூடப் பேச மாட்டேன்" என்றீர்கள். அதே வாரம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை. புத்தகத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் படித்தால் அதில் ருசி இருக்காது என்று பயம்.

ஆனால் பஸ்ஸில் அந்தப் பெண் வாயைத் திறந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. இதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்க எனக்கு மனமில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. "சோறு?" என்று உங்கள் மகன் எட்டிப் பார்த்தார். "போங்க, இங்கன நாடே கொதிச்சுக் கெடக்கு" என்று விரட்டிவிட்டேன்.

திறந்துவிட்டான், அத்தை! அப்பன் பேச்சை மீறி மதகைத் திறந்துவிட்டான்! ராஜா அவனை அரண்மனையை விட்டே துரத்திவிட்டார். கிரீடம் போச்சு, போட்டியும் கலைந்தது. அவன் நேரே அவள் தெருக் குழாயடிக்கு வந்து நிற்கிறான். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வரிசையில் நில்." நின்றான், கையில் ஒரு குடத்தோடு! அவன் முறை வந்ததும் அவளே கேட்டாள், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று. நான் கட்டில் மேல் ஏறி நின்று கத்தினேன்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன். நீங்கள் இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் நீங்கள் லேசில் ஒப்புக்கொள்கிற ஆளா? "அரமணைய விட்டு வந்தான்ல, அதான் குடுத்தோம். அந்த வீட்டுக்கா குடுத்தோம்? செயிச்சது நாந்தான்" என்று சாதித்திருப்பீர்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ரெண்டு பேருமே செயிச்சதா வச்சுக்கயேன்" என்கிறார் உங்கள் மகன். அவருக்கு என்ன தெரியும்? அப்படி நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உங்களோடு இந்தச் சண்டை எனக்கு இன்னும் வேண்டும், அத்தை.