கையைக் கட்டிக்கொண்ட மிஸ்

இன்று காலை நல்ல மழை. எங்கள் மழலையர் பள்ளி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் ஒரு சின்னவள் தெப்பலாக நனைந்துவிட்டாள். மூன்று வயது இன்னும் முடியவில்லை. பையில் இருந்த மாற்றுச் சட்டையை மாட்டிவிட்டு, பட்டன் போடக் கையை நீட்டினேன். இரண்டு கையாலும் சட்டையைப் பொத்திக்கொண்டு, “மிஸ் தொடாதீங்க. நானே!” என்றாள். அவ்வளவுதான், நீங்கள் வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அத்தனை குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மிஸ் அழ முடியுமா? ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைத் திட்டுவது போல நின்றுகொண்டேன்.

நம் மகள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன வருடம் அது. நாற்பது வயதில் மழலையர் கல்விப் பயிற்சியில் சேரப் போகிறேன் என்றதும் சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. “புள்ளைகளப் பாத்துக்கறதுக்கெல்லாமா படிக்கோணும்?” என்று கேட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தினமும் கணபதியிலிருக்கும் நம் வீட்டிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டீர்கள். “டிபன் பாக்ஸ எங்கீயாச்சும் வெச்சுப்போட்டு வந்துராத அம்மணி” என்று என்னையே சின்னப் பிள்ளை மாதிரி அனுப்பிவைத்துவிட்டு, அதன்பிறகுதான் உங்கள் லேத் பட்டறையைத் திறக்கப் போவீர்கள்.

வகுப்பில் என்னோடு படித்த பெண்களுக்கெல்லாம் நான் அக்கா. பாடம் எனக்குச் சிரமமாக இல்லை. சிரமம் முழுக்க இந்தக் கையால் வந்தது. என் கை ஒரு முந்திரிக்கொட்டை. குழந்தை தண்ணீர் ஊற்றத் தடுமாறினால் போதும், ஜக்கைப் பிடுங்கி நானே ஊற்றிவிடுவேன். செருப்பை இடம் மாற்றிப் போட்டால் கழற்றி மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. பயிற்சி கொடுத்த மேடம் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். “அந்தக் கொழந்த உங்ககிட்ட உதவி கேட்டுச்சுங்களா? கேக்காம செஞ்சு குடுத்தா, ‘உனக்கு இது வராது’ன்னு சொல்ற மாதிரிங்க. கை நிக்கலீன்னா செய்முறைத் தேர்வுல உங்களப் பாஸ் பண்ண முடியாதுங்க” என்றார். வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“நான் புள்ளையா இருக்கறேன். எம்மேல பழகு” என்றீர்கள் நீங்கள்.

அப்படித்தான் சாயங்கால வகுப்பு ஆரம்பமானது. மரச்சட்டத்தில் இரண்டு துண்டுத் துணி, நடுவில் பெரிய பட்டன்கள். குழந்தைகள் பட்டன் போட்டுப் பழகும் சாமான். பட்டறை எண்ணெய் வாசம் போகாத கையோடு அதன் முன்னால் உட்காருவீர்கள். நல்ல பிள்ளையாக ஒரு நாளாவது இருந்தீர்களா? “மிஸ்ஸுங்க, ஒண்ணுக்கு வருதுங்க.” “மிஸ்ஸுங்க, பிஸ்கட்டு குடுத்தாத்தான் போடுவனுங்க.” டிவியில் விக்கெட் விழுந்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். பட்டனை வேண்டுமென்றே ஓட்டை மாற்றி நுழைப்பீர்கள். என் கை தன்னால் வரும். அதன்மேல் பட்டென்று ஓர் அடி போட்டு, “உடு கண்ணு, நானே போட்டுக்கறேன். மிஸ்ஸுன்னா கையக் கட்டிக்கிட்டு ஒக்காரோணும்” என்பீர்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் கை மட்டும் திருந்தவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் பட்டறையிலேயே விழுந்தீர்கள். பக்கவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நாக்கும் குழறியது. நான் வகுப்பை விட்டுவிட்டேன். ஊட்டினேன், துடைத்தேன், சட்டை மாட்டினேன். எல்லாமே என் கைதான். உங்களுக்காக எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே உங்களை இழந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

பிசியோதெரபிக்குக் கிளம்பிய ஒரு காலையில், பட்டன் போட வந்த என் கையை இடது கையால் தள்ளினீர்கள். “உடு... கண்ணு... நானே.” அன்று அதில் விளையாட்டு இல்லை. நான் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். முதல் பட்டன் ஓட்டை வரைக்கும் போய் நழுவியது, மறுபடியும் நழுவியது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். உங்கள் நெற்றியெல்லாம் வேர்வை.

உதவிக்கென்று உடுமலையிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் தாங்க முடியவில்லை. “ஏம்மா, உனக்கென்ன கல்லு மனசா? ஒரு பட்டனப் போட்டு உட்டா கொறஞ்சா போயிருவ?” என்று கத்திக்கொண்டே கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாமுங்க நங்கையா. அவிங்களே போடட்டும்” என்றேன். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. பாய்ந்துபோய்ப் போட்டுவிடத்தான் உடம்பெல்லாம் துடித்தது. உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசிப் பட்டனையும் போட்டீர்கள். ஓர் ஓட்டை மாறி, சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. அப்படியே ஆட்டோவில் ஏறினீர்கள். பாதிதான் வளைந்த வாயோடு என்னைப் பார்த்து, “நாளைக்கி... கிளாஸுக்குப் போ” என்றீர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு உங்கள் முகத்தில் அந்தக் குறும்பு தெரிந்தது. மறுநாள் போனேன். செய்முறைத் தேர்வில் என் கை மடியை விட்டு எழவேயில்லை. மேடம் ஆச்சரியப்பட்டார், அவருக்கு எங்கே தெரியும்?

அதற்கப்புறம் சில வருடம் நீங்கள் இருந்தீர்கள். தினமும் உங்கள் சட்டையை நீங்களே போட்டீர்கள், என்னை இந்தப் பள்ளி வேலைக்கு அனுப்பினீர்கள். போன ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டையில் கையை நுழைத்து வைத்திருந்தார்கள். உங்கள் அக்கா எல்லோரையும் விலக்கிவிட்டு என் தோளைத் தொட்டார். “வா அம்மணி. இந்தப் பட்டன நீ போட்டு உடு. வேற ஆரும் தொட வேண்டாம்.” பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மெல்ல இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் அசையவில்லை. துக்கத்தில் மரத்துப்போய்விட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் உங்களுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.