பதின்மூன்றாம் ஃபாரம்

செப்டம்பர் 9, செவ்வாய்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு வணக்கம். பதினோரு நாட்களாக ஒரு வரியும் எழுதாமைக்கு வருந்துகிறேன். காரணம் மாநாடு. ஆங்கில மொழி, இலக்கிய ஆய்வுகள் குறித்த பன்னாட்டு மாநாடு. இம்மாதம் 18, 19. நடத்துவது எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறை என்று அழைப்பிதழ் சொல்கிறது. உண்மையில் நடத்துவது அத்துறையின் அலுவலக உதவியாளராகிய நான்.

வெயில் கடுமை. காலை ஒன்பதுக்கே நாற்காலி சுடுகிறது. விருதுநகரில் மழை என்பது வானொலியில் மட்டும்.

இன்று முடித்தவை:
– அயர்லாந்துப் பேராசிரியையின் விசாவுக்கு அழைப்புக் கடிதம், மூன்றாம் முறை. முன் இரண்டிலும் துறைத்தலைவர் (இனி து.த.) கையெழுத்திட மறந்தார்.
– சூலக்கரையில் ஆட்சியர் அலுவலகம். வெளிநாட்டவர் வருகை பற்றிய மனு. இரண்டு மணி நேரம் நின்றேன்.
– பதாகை வாசகம் திருத்தம்.
– உணவு. பேராசிரியை பால் சேர்த்துக்கொள்ள மாட்டாராம். சமையற்காரரிடம் சொன்னேன். "பாலில்லாம டீயா? அது டீ இல்லக்கா, வெந்நி."

முடியாதது: மாநாட்டில் என் கட்டுரைக்கு இடம் உண்டா என்று உறுதி பெறுவது. து.த. இன்றும் "பாப்போம், பாப்போம்."

எதைப் பார்ப்பது? வந்த கட்டுரைகளிலிருந்து எழுதியவர் பெயரை நீக்கி, எண்ணிட்டு, மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியவள் நான். என்னுடையதும் அவற்றுள் ஒன்று, எண் 41. இரு மதிப்பீட்டாளர்களும் ஏற்றார்கள். ஒருவர் இதே அயர்லாந்துப் பேராசிரியை. "இம்மாநாட்டில் நான் முதலில் கேட்க விரும்பும் கட்டுரை இது" என்று எழுதினார். அந்த மின்னஞ்சலை இருபது முறை படித்திருப்பேன். மறைப்பானேன், நாற்பது.

பொருள்: பட்டாசுப் பெட்டிகளின் மேல் உள்ள ஆங்கிலம். ஒட்டுபவருக்கு அது தெரியாது. கொளுத்துபவர் அதைப் படிப்பதில்லை. பின் யாருக்காக எழுதப்படுகிறது? ஏழு ஆண்டுகள் சேகரித்த லேபிள்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பழைய அகராதியும் வானொலிச் செய்தியும்தான் என் ஆசிரியர்கள். கல்லூரி எனக்கு வேலை கொடுத்தது, ஆங்கிலம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காற்று இல்லை. மின்வெட்டு இருமுறை.

பணிக்குழுப் பட்டியல் வந்தது. என் பெயர் "வரவேற்பு". பட்டுச்சேலை கட்டி, வாசலில் சந்தனமும் கற்கண்டும் ஏந்தி நிற்க வேண்டும். அமர்வுகளில் பேசுவோர் பட்டியல் இன்னும் தயாராகவில்லையாம். தட்டு ஏந்துவோர் பட்டியல் மட்டும் எப்படித் தயாரானது?

மாலையில் அக்கா தொலைபேசியில். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள், இருபத்திரண்டு ஆண்டுகளாக. என் கட்டுரையின் முதற்பத்தி அவளைப் பற்றியது. அவள் ஒட்டும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொன்ன நாளைப் பற்றியது. அன்று கேட்டாள்: "தள்ளி நில்லுன்னா போட்டிருக்கு? நான் என்னமோ கம்பெனி விலாசம்னுல்ல நெனச்சேன். மடியில வச்சு ஒட்டுறவ எங்கிட்டுத் தள்ளி நிக்க?"

இன்று: "ஏட்டி பொன்னு, மாநாட்டுப் புஸ்தகத்துல உன் பேரு எந்தப் பக்கம்னு மடிச்சுக் குடு. நம்ம கம்பெனி செட்டுல எல்லாத்துக்கும் காட்டணும். நீ பாட்டுக்கு இங்கிலீசுல என்னையத் திட்டியிருந்தாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

மடித்துத் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத்து கோணலாயின் பொறுத்தருள்க.

காலை சிவகாசி. மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்பு பார்க்க. அச்சகமெங்கும் காலண்டர். மைவாசனை. மேற்பார்வையாளர் சாகுல் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்கக்கா, சாப்பிட்டீகளா? காலண்டர் சீசன்ல உங்களுக்காகத் திங்கக்கிழமை மத்தியானம் ஒரு மெஷினை ஒதுக்கியிருக்கேன். முதலாளிக்குத் தெரிஞ்சா என்னையக் காலண்டர்லயே தொங்கவிட்டுருவாரு. சட்டுபுட்டுனு கையெழுத்துப் போடுங்க."

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரே தாளில் ஒன்றாக அச்சாகும். ஒவ்வொரு ஃபாரத்தின் மெய்ப்பிலும் "அச்சிடலாம்" என்று எழுதி, ஆர்டர் கொடுத்தவரே ஒப்பமிட வேண்டும். அது இந்த அச்சகத்தின் விதி. காரணம் சாகுல் அண்ணனே சொன்னார். "போன வருசம் ஒரு பார்ட்டி அமாவாசையத் தப்பான தேதியில போட்டுக் குடுத்துட்டு, நாங்க போட்டதுன்னு சாதிச்சான். அம்புட்டுக் காலண்டரும் திரும்பி வந்துச்சு. அன்னையிலருந்து ஆர்டர் குடுத்த கையிதான் கையெழுத்தும் போடணும்." ஆர்டர் புத்தகத்தில் உள்ளது என் கை.

பன்னிரண்டு ஃபாரங்கள் ஒப்பமிட்டேன். பதின்மூன்றாவது. பக்கம் 201. என் தலைப்பு. என் முதல் வாக்கியம். என் அக்கா.

கீழே பெயர்: எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர் கார்த்திகா. அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்: லேபிள்கள் சேகரிக்க உதவியவர் அலுவலக உதவியாளர் பொன்னுத்தாய்.

உதவியவர்!

கோப்புகளை ஞாயிறன்று து.த. தாமே அச்சகத்துக்கு அனுப்பினார். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். எட்டு ஆண்டுகளில் என் சிரமத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது அன்று ஒருநாள்தான். அன்றே நான் ஐயுற்றிருக்க வேண்டும்.

பேனாவை மூடினேன். "இந்த ஃபாரத்துக்கு நான் ஒப்பமிட இயலாது, அண்ணா."

"ஏங்க்கா? கலர் ஏதும் தப்பா? கறுப்பு ஒண்ணுதான இருக்கு."

சொன்னேன். முழுவதையும். அவர் மெய்ப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். பக்கம் 193 முதல் 200 வரை யாருடையது என்று பார்த்தார். து.த. ஜெயக்குமாருடையது.

கட்டுரைகள் ஆங்கில அகர வரிசையில். என் பெயரில் இருந்திருந்தால் என் கட்டுரை தொகுப்பின் கடைசிப் பகுதிக்குப் போயிருக்கும். கார்த்திகா என்று மாற்றியதால் ஜெயக்குமாரின் அடுத்த பக்கத்திற்கு வந்துவிட்டது. மாற்றியவர் து.த.தான். வரிசைப்படுத்தியவரும் அவர்.

"அப்ப உங்க கையெழுத்து இல்லாம உங்க சாரும் மெஷின்ல ஏற முடியாது" என்றார் சாகுல் அண்ணன். "அடேயப்பா." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற ஃபாரங்களுக்கு ஒப்பமிட்டுப் பேருந்து ஏறினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேகம். மழை இல்லை.

து.த. அறை, காலை பத்து. கதவை மூடச் சொன்னார். நான் மூடவில்லை.

"இந்தா பாரும்மா. வெளிநாட்டுல இருந்து ஆளுக வர்றாக. அட்டெண்டர் எழுதுன கட்டுரைன்னு போட்டா கல்லூரி மானம் என்னாகும்?"

கோபம் வந்தால் எனக்கு எழுத்துத் தமிழ்தான் வாயில் வரும். "ஐயா, நான் அட்டெண்டர் அல்ல, அலுவலக உதவியாளர். அந்த வெளிநாட்டவரே இக்கட்டுரையை ஏற்றார். அவருக்கு எண் மட்டுமே தெரியும். எண்ணுக்கு இருந்த தகுதி என் பெயருக்கு இல்லையா?"

"செய்யுள் மாதிரி பேசாத. கார்த்திகாவுக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறையுது. உனக்கு இது எதுக்கு ஆகப் போகுது? சரி, ரெண்டு பேரு பேரையும் போட்டுக்கிருவோம். மொதல்ல கார்த்திகா, அப்புறம் நீ. பெரிய மனசு பண்ணுறேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்ல வாயெடுத்தேன். இதை இங்கே எழுதாவிட்டால் இந்நாட்குறிப்புக்குப் பொருளில்லை. என் பணி தற்காலிகம். ஆண்டுதோறும் மே மாதம் அவர் பரிந்துரைத்தால்தான் தொடரும்.

"இயலாது, ஐயா."

"மே மாசம் வரும்ல, அப்பப் பாத்துக்கிறேன்."

நண்பகலில் கார்த்திகாவையே சிவகாசிக்கு அனுப்பினார், ஒப்பமிட்டு வரும்படி. சாகுல் அண்ணன் ஆர்டர் புத்தகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அவரே தொலைபேசியில் சொன்னது: "டீச்சரம்மா, அமாவாசை கதையச் சொல்லவான்னு கேட்டேன். வேணாம்னுட்டுப் போயிட்டாக."

நாலு மணிக்குக் கார்த்திகா என் மேசைக்கு வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சிட்டதும் நான்தான்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"ஆம்."

"சார்தான்…"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்."

நகத்தைப் பார்த்தாள். "தெரியும்க்கா. தெரியாதுன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வரல."

"அப்படியானால் அதை எழுத்தில் கொடு."

"எழுதுனா என் வேலை போயிருங்க்கா."

"என் வேலையும்தான்."

அழுதாள். நான் தண்ணீர் கொடுக்கவில்லை. என் மேசையில் செம்பு நிறைய இருந்தது. கொடுக்கவில்லை. வருத்தமும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

விடுமுறை. துணி துவைக்கவில்லை. காலைச் சிற்றுண்டி இல்லை.

எழுதியவை, கிழித்தவை: ஐந்து கடிதங்கள். முதலாவதில் வசை. இரண்டாவதில் கெஞ்சல், அதுவே மிகக் கேவலம். மூன்றாவது, அயர்லாந்துப் பேராசிரியைக்கு எழுதிய முறையீடு. அனுப்பவில்லை. நம் வீட்டு அழுக்கு என்பதற்காக அல்ல. இதை முதலில் து.த.வின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பதற்காக.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் வழக்கமான கேலி இல்லை. கேட்டாள்: "அந்தத் தள்ளி நில்லுங்கிறது… அதையும் அந்தப் புள்ள எழுதுன மாதிரியா போட்டிருக்காக?"

ஆம் என்றேன்.

"அது நான் சொன்னதாச்சேட்டி." இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஆறாவது கடிதம். து.த. வீட்டுக்கே சென்று நேரில் கொடுத்தேன். அவர் மனைவி வாங்கிக்கொண்டு "காப்பி சாப்பிடுதீகளா?" என்றார். வேண்டாம் என்றேன். படியெடுத்து இங்கே:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதின்மூன்றாம் ஃபாரம் என் ஒப்பமின்றி அச்சகத்தில் நிற்கிறது. திங்கள் நண்பகல் தவறினால் சீசன் முடியும்வரை இயந்திரம் கிடைக்காது என்று மேற்பார்வையாளர் தெரிவித்துள்ளார். தாங்கள் செய்யக்கூடியவை இரண்டு.

ஒன்று: பக்கம் 201இல் என் பெயரை மட்டும் இடுதல்.

இரண்டு: என் கட்டுரையை முற்றிலும் நீக்கி, அந்த எட்டுப் பக்கங்களையும் வெற்றாக விடுதல்.

இவ்விரண்டில் எதற்கும் அக்கணமே ஒப்பமிடுவேன். தங்கள் கட்டுரையும் அச்சேறும். மூன்றாவதாக ஒன்று இல்லை. இரு பெயர் என்னும் ஏற்பாட்டை ஏற்கமாட்டேன். அக்கட்டுரையில் பேசுவது என் உடன்பிறந்தவள். அவளைப் பிறர் பெயரில் பேசவிட எனக்கு உரிமையில்லை.

மே மாதம் குறித்துத் தாங்கள் கூறியதை நினைவில் வைத்துள்ளேன். அது தங்கள் விருப்பம். மாநாட்டின் பிற பணிகளை 19ஆம் நாள் மாலை வரை குறைவின்றிச் செய்வேன், சந்தனத் தட்டு நீங்கலாக.

விரைந்து பதில் தரவும்.

ச. பொன்னுத்தாய்